மூடிக் கிடக்கும் மோட்டலின் வாசலில்: ‘வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்’ இசைத்தொகுப்பு

அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்’ தொகுப்பின் முதல் பாட்டில் ஒருவன் நெடுஞ்சாலை ஓரத்தில் கட்டைவிரலை நீட்டி நின்று, போகிற வண்டிகளில் ஏறிக்கொள்கிறான். பதின்மூன்றாவதும் கடைசியுமான பாட்டில் ஒருவன், பலகை அடித்து மூடப்பட்ட பழைய மோட்டல் (நெடுஞ்சாலையோர விடுதி) ஒன்றின் முன்னால் வண்டியை நிறுத்தி, தனக்கு ஒரு மடக்கு விஸ்கியும் உடன் இல்லாத அவளுக்கு ஒரு மடக்கும் ஊற்றிவிட்டு, மூன்றாவது மடக்கை அந்தத் தரையிலேயே ஊற்றுகிறான். இவ்விருவருக்கும் இடையே ஏறக்குறைய 51 நிமிடம் ஓடும் இந்தத் தொகுப்பைத் திறந்த சாலையின் இசை என்று அறிமுகப்படுத்துவது வழக்கமாகிவிட்டது. பலமுறை கேட்ட பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதில் உண்மையாகவே பயணம் செய்கிறவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலோர் எங்கோ வந்து நின்றுவிட்டவர்கள், நின்ற இடத்திலிருந்து வந்த வழியைத் திரும்பிப் பார்க்கிறவர்கள். அவர்களுக்குப் பதிலாக ஓடிக்கொண்டிருப்பது இசைக்குழு ஒன்றுதான்.

2019 ஜூன் 14 அன்று கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட இது, தாமே எழுதி மெட்டமைத்துப் பாடும் ஸ்பிரிங்ஸ்டீனின் பத்தொன்பதாவது ஸ்டுடியோ தொகுப்பாகும். பல பத்தாண்டுகளாகத் தம்மோடு இருக்கும் ஈ ஸ்ட்ரீட் பேண்டை முழுக் குழுவாக இதற்கு அவர் அழைக்கவில்லை. அதில் இருப்பவர்கள், முன்பு இருந்தவர்கள் என்று சிலர் மட்டும் தனித்தனியே வந்து வாசித்திருக்கிறார்கள். ரான் அனியெல்லோவோடு சேர்ந்து அவர் தயாரித்த இந்தப் பாடல்களில் வயலின்கள், பித்தளைக் கருவிகள், பெடல் ஸ்டீல் கிட்டார் என்று இருபதுக்கும் மேற்பட்ட கலைஞர்களின் பங்கு இருக்கிறது. தனியாளாக அவர் முன்பு செய்தவற்றை அறிந்தவர்களுக்கு இதுவே முதல் வியப்பாக இருக்கும். 1982இல் வந்த ‘நெப்ராஸ்கா’வை அவர் வீட்டில் ஒரு நான்கு தடக் கேசட் கருவியில் பதிவு செய்தார், 1995இல் வந்த ‘தி கோஸ்ட் ஆஃப் டாம் ஜோட்’ பெரும்பாலும் ஒரு கிட்டாரும் முணுமுணுப்புக்குச் சற்று மேலான குரலும்தான். வேலை இழந்தவர்கள், ஊர்விட்டு ஊர் அலைகிறவர்கள், செய்த தவற்றை விழுங்க முடியாதவர்கள் ஆகியோர் அவற்றிலும் இருந்தார்கள். அதே மனிதர்களை இப்போது திரையரங்க அளவிலான இசையின் நடுவே நிறுத்தியிருக்கிறார்.

இந்த ஒலி எங்கிருந்து வந்தது என்பதை அவரே மறைக்கவில்லை. 1960களின் பிற்பகுதியிலும் 70களின் தொடக்கத்திலும் தெற்கு கலிபோர்னியாவில் உருவான பாப் இசையே இதற்கு முன்மாதிரி. பாடகர் கிளென் கேம்ப்பெல், பாடலாசிரியர் ஜிம்மி வெப், இசையமைப்பாளர் பர்ட் பேக்கரக் ஆகிய பெயர்களை அவரே சொல்லியிருக்கிறார். ஜிம்மி வெப் எழுதிக் கேம்ப்பெல் பாடி 1968இல் வெளிவந்த ‘விச்சிட்டா லைன்மேன்’ இந்த மரபின் உச்சம். கம்பத்தில் ஏறிக் கம்பிகளைப் பழுதுபார்க்கும் ஒரு சாதாரணத் தொழிலாளிக்கு அந்தக் கம்பியின் ரீங்காரத்தில் காதலியின் குரல் கேட்கிறது. அவனைச் சுற்றி வயலின்கள் வானமாக விரிகின்றன. அந்தக் காலத்து ராக் ரசிகர்களில் பலர் இவ்வகைப் பாடல்களை வானொலிச் சர்க்கரைப் பாகு என்று ஒதுக்கியவர்கள். ராக் இசையின் நடுவிலிருந்து வந்த ஸ்பிரிங்ஸ்டீன், எழுபது வயதை எட்டும்போது அந்தப் பாகில் இருந்த உப்பைக் கண்டுகொண்டிருக்கிறார் என்பதே இந்தத் தொகுப்பைப் பற்றி என்னால் சொல்லக்கூடிய முதல் நல்ல சொல்.

அந்த உப்பு மிகச் சரியாக இருப்பது ‘சேஸிங் வைல்ட் ஹார்சஸ்’ பாட்டில். ஒருவன் தன் கோபத்தைப் பற்றிப் பேசுகிறான்: சிறு வயதிலிருந்தே அதை அடக்க முயல்வது காட்டுக்குதிரைகளை விரட்டிப் பிடிப்பதைப் போன்றது என்கிறான். என்ன தவறு செய்தான் என்பதை மட்டும் கடைசிவரை அவன் சொல்வதே இல்லை. யாரிடமும் விடைபெறாமல் ஊரைவிட்டு வந்து, மொண்டானா எல்லைப் பகுதியில் அரசின் நில மேலாண்மைத் துறைக்கு ஒப்பந்தக் கூலியாக வேலை பார்க்கிறான். என்ன வேலை என்றால், காட்டுக்குதிரைகளை விரட்டிப் பிடிப்பதுதான். முதல் சரணத்தில் உவமையாக வந்தது இரண்டாம் சரணத்தில் ஒருவனுடைய அன்றாடப் பிழைப்பாகிவிடுகிறது. எதிலிருந்து தப்பி ஓடினானோ அதையே கூலிக்குச் செய்கிறான். பொழுது விடியுமுன் கிளம்பி, இருட்டிய பின் திரும்பி, உடல் ஓய்ந்து விழும்வரை உழைத்தால் பிரிந்த காதலியை நினைக்காமல் இருக்கலாம் என்பது அவன் கணக்கு. ஆனால் மலை இடுக்கில் அவள் பெயரைக் கத்திக் கூப்பிட்டு, திரும்பி வரும் தன் குரலையே கேட்டுக்கொண்டு நிற்கிறான். மெல்லத் தொடங்கிய இசை அந்த இடத்தில்தான் முழு உயரத்துக்கு எழுகிறது. சொற்கள் அடக்கமாக நிற்க, அவன் வாயில் வராததையெல்லாம் வயலின்கள் பேசிவிடுகின்றன. முழுத் தொகுப்பின் இசை முறையையும் இந்த ஒரு பாட்டைக் கொண்டே ஒருவர் விளங்கிக்கொள்ளலாம்.

இந்தப் பாட்டின் வலிமையில் பாதி அதன் துல்லியத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் பொது நிலங்களில் திரியும் குதிரைகளை 1971இல் இயற்றப்பட்ட ஒரு கூட்டாட்சிச் சட்டம் பாதுகாக்கிறது. அதே சட்டத்தின் கீழ், எண்ணிக்கை மிகும்போது அவற்றைச் சுற்றிவளைத்துப் பிடித்து அகற்றும் பொறுப்பும் அந்தத் துறையிடம் இருக்கிறது. ஹெலிகாப்டரில் இருவர், தரையில் குதிரைமேல் இருவர் என்று பாட்டு சொல்லும் ஏற்பாடு கற்பனை அழகுக்காகச் சேர்த்தது அன்று. வேலை உண்மையிலேயே ஹெலிகாப்டர் கொண்டு நடப்பதுதான். மேற்கு நிலத்தின் சுதந்திரத்துக்குச் சின்னமாக எல்லாச் சுவரொட்டிகளிலும் ஓடும் அந்த விலங்கு, இந்தத் தொகுப்பின் முன்னட்டையிலும் பாய்ந்து ஓடுகிறது. அதை வானிலிருந்து விரட்டி அடைக்கும் கூலியாள் உள்ளே பாடுகிறான். அட்டையைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு இது ஒரு சிறு பொறி.

தலைப்புப் பாட்டும் இதே அளவு நன்றாக எழுதப்பட்டது. ஆங்கிலத் தலைப்பு மேற்கு வானத்து விண்மீன்களையும் கௌபாய்ப் படங்களின் நடிகர்களையும் ஒருங்கே குறிக்கிறது. ‘நட்சத்திரம்’ என்ற நம் சொல்லும் இரண்டுக்கும் பொருந்துவதால் தமிழ்க் கேட்பவருக்கு அந்தச் சிலேடை தானாகவே கிடைத்துவிடுகிறது. பேசுகிறவர் ஒரு முதிய துணை நடிகர். காலையில் எழும்போது, தம் காலணிகள் கல்லறைத் தோட்டத்துப் புல்லில் வெறுமையாகக் கிடக்காமல் இன்னும் தம் காலில் இருப்பதே போதும் என்று மகிழ்கிறவர். ஒரு படத்தில், கௌபாய்ப் படங்களின் பெரும் நாயகன் ஜான் வெயின் கையால் சுடப்பட்டு விழுந்ததுதான் அவர் வாழ்க்கையின் பெருமை. அந்த ஒரு காட்சியைச் சொல்லியே எத்தனையோ பேரிடம் இலவசமாகக் குடித்துவிட்டார். இப்போது ஆண்மைக் குறைவுக்கான நீல மாத்திரையின் விளம்பரத்தில் முகம் காட்டுகிறார். தாம் சுடப்பட்டது முடிவை நெருங்கும் நேரத்தில் என்கிறார். படத்தின் முடிவையா, வெயினுடைய திரைவாழ்வின் முடிவையா என்பதைப் பாட்டு திறந்தே விட்டிருக்கிறது. வெயின் 1979இல் காலமானார் என்பதை வைத்துக் கணக்குப் போட்டால், அன்று இளைஞனாக அடிபட்டு விழுந்த இந்த நடிகருக்கு 2019இல் கிட்டத்தட்ட பாடகரின் வயதே ஆகிறது. 1949இல் பிறந்தவர் ஸ்பிரிங்ஸ்டீன்.

இதில் சிரிப்பும் இருக்கிறது, கேலி இல்லை. ஹாலிவுட் மலைச்சரிவில் அவர் வீட்டுத் தாழ்வாரத்தின் குறுக்கே ஒரு கயோட்டி நரி யாரோ வளர்த்த சிவாவா நாய்க்குட்டியைக் கவ்விக்கொண்டு போகிறது. நகரம் எவ்வளவு வளர்ந்தாலும் பாலைவனம் தன் பங்கை விட்டுக்கொடுக்கவில்லை என்பதை இந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தம் எல் காமினோ வண்டியில் சேணத்தைப் போட்டுக்கொண்டு கிழக்கே பாலைவனத்துக்குப் போகிறார். அங்கே எல்லைக் கம்பியைத் தாண்டி வந்த மெக்சிகோக் குதிரைவீரர்கள் இன்னும் பழைய முறையில் கயிறு வீசிச் சவாரி செய்கிறார்கள். கௌபாய்க் கலையே மெக்சிகோவிலிருந்து வந்தது என்ற வரலாற்றை, எல்லைச் சுவர் பற்றிய கூச்சல் உச்சத்தில் இருந்த ஆண்டில், ஒரு வரியில் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். பிரசாரம் செய்யாமல் அரசியல் பேசுவது எப்படி என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அண்மையில் நான் கேட்ட பாடல்களில் இல்லை.

‘டிரைவ் ஃபாஸ்ட்’ பாட்டின் சண்டைக் கலைஞரும் இதே திரையுலகின் ஓரத்தில் வாழ்பவர்தான்: கணுக்காலில் ஆணி, காலில் இரும்புக் கம்பி, உடைந்த காறை எலும்பு என்று உடம்பின் கணக்கை ஒப்பித்தபடி, மலிவான ஒரு படத்தின் படப்பிடிப்பில் பழகிய பெண்ணை நினைவுகூர்கிறார். வேகமாக ஓட்டி பலமாக விழுவதே அவருக்குத் தெரிந்த ஒரே வாழ்க்கை நெறி. ‘டூசான் டிரெயின்’ இவர்களிலிருந்து வேறுபட்டது. சான் பிரான்சிஸ்கோவில் மாத்திரைகளும் மழையும் அலுத்துப்போய் அரிசோனா வெயிலுக்கு ஓடிவந்த ஒருவன், கிரேன் இயக்கும் உரிமம் பெற்று உழைத்து, தன்னால் மாற முடியும் என்று பிரிந்து வந்த காதலிக்கு நிரூபிக்கக் காத்திருக்கிறான். ஐந்தேகால் மணி ரயிலில் அவள் வருகிறாள் என்கிறான். தாளம் ரயிலின் கதியிலேயே ஓடுகிறது. ஆனால் ரயில் வந்து நிற்பதையோ அவள் இறங்குவதையோ பாட்டு காட்டுவதில்லை. நம்பிக்கையான பாட்டு என்று பலர் இதைச் சொல்கிறார்கள். நான் கேட்கும்போதெல்லாம் நடைமேடை காலியாகவே இருக்கிறது.

இங்கே ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லத் தமிழ்க் கவிதை மரபே எனக்குக் கைகொடுக்கிறது. பிரிவைப் பாடும் திணைக்குப் பாலை என்று பெயரிட்டவர்கள் நாம். பாலை என்று தனி நிலம் கிடையாது, மற்ற நிலங்கள் வெயிலில் வறண்டு பாலையாகின்றன என்பதும், பேசுகிறவர்களின் பெயரை அகப்பாடல் சொல்லாது என்பதும் நமக்குப் பள்ளிப் பாடம். ஸ்பிரிங்ஸ்டீனின் கதைசொல்லிகளுக்கும் பெயர் இல்லை. ஒரு தருணம், ஒரு குரல், சுற்றிலும் காய்ந்த நிலம், தொலைவில் ஒருத்தி. இவ்வளவு நெருங்கி வரும் ஒப்புமை ஓரிடத்தில் உடைகிறது. பாலைப் பாடல்களில் பிரிந்துபோனவனுக்கு இணையாக, பெரும்பாலும் அவனைவிடக் கூர்மையாக, வீட்டில் இருக்கும் தலைவியும் அவளுக்காகத் தோழியும் பேசுகிறார்கள். இந்தத் தொகுப்பில் அவள் பேசுவதே இல்லை. அவள் மூடிய மோட்டலின் நினைவு, ரயிலில் வரப்போகும் நம்பிக்கை, மலையிடுக்கின் எதிரொலி. பாடகரின் மனைவியும் தாமே நல்ல பாடலாசிரியருமான பேட்டி ஸ்கியால்ஃபா நான்கு பாடல்களில் பின்னணிக் குரல் தந்து, குரல் இசையையும் அமைத்திருக்கிறார். அந்தக் குரலுக்குத் தனியாக ஒரே ஒரு பாட்டைக் கொடுத்திருந்தால் தொகுப்பின் எடை வேறாக இருந்திருக்கும். கோபக்காரனோடு வாழ்ந்தவள் சொல்வது எதுவாக இருக்கும் என்று ‘சேஸிங் வைல்ட் ஹார்சஸ்’ முடியும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

மேற்கைப் பாடும் இந்தத் தொகுப்பின் பெரும்பகுதி கிழக்குக் கடற்கரையில், நியூ ஜெர்சியில் இருக்கும் அவர் வீட்டு ஸ்டுடியோவில்தான் பதிவானது. கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் சில பகுதிகள் சேர்க்கப்பட்டன. இதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். இளமையில் முதன்முதலாக நாட்டின் குறுக்கே கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டபோது தமக்கு வண்டி ஓட்டவே தெரியாது என்றும், போகிற வழியில்தான் கற்றுக்கொள்ள நேர்ந்தது என்றும் அவரே வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அமெரிக்கச் சாலையின் மிகப் புகழ்பெற்ற பாடகர் அதைத் தொடக்கத்திலிருந்தே பாதி கனவாகத்தான் அறிந்திருந்தார். இந்த மேற்கும் அப்படிப்பட்டதே: நிலத்தின் புழுதியைவிடத் திரையின் வெளிச்சமே இதில் அதிகம். மக்கள் குடியேற்றத்தின் எல்லைக்கோடு என்று ஒன்று இனி இல்லை என்பதை 1890ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டியே அதிகாரிகள் அறிவித்துவிட்டார்கள். அதற்குப் பின் வந்த மேற்கு பெருமளவு படங்களும் பாடல்களும் சேர்ந்து கட்டியது. கட்டப்பட்ட பொருள் என்று தெரிந்தே இவர் அதைக் கையாள்கிறார். நடிகரையும் சண்டைக் கலைஞரையும் கதைசொல்லிகளாகத் தேர்ந்துகொண்டதே அதற்குச் சான்று. நாட்டுப்புற இசை, கன்ட்ரி, ப்ளூஸ், ராக் ஆகியவை கலந்த எதற்கும் அமெரிக்கானா என்ற பெயர்ச்சீட்டை ஒட்டிவிடும் இந்நாளில், எளிய கிட்டாரும் கரகரத்த குரலும் இருந்தால் உண்மை வந்துவிட்டது என்று நம்புகிறவர்கள் உண்டு. வெல்வெட் திரை போட்டுக்கொண்டும் உண்மை பேசலாம் என்று இந்தத் தொகுப்பு காட்டுகிறது.

எல்லாப் பாடல்களும் இந்த உயரத்தில் இல்லை. ‘ஸ்டோன்ஸ்’ பாட்டில் பொய்கள் வாயில் கற்களாக நிரம்புகின்றன என்ற ஒரே படிமம் நாலரை நிமிடத்துக்கும் மேல் இழுக்கப்படுகிறது. முதல் சரணத்திலேயே அது தன் வேலையை முடித்துவிடுகிறது. ‘தேர் கோஸ் மை மிராக்கிள்’ மெட்டளவில் தொகுப்பிலேயே மிகக் கவர்ச்சியானது. வழக்கமாகத் தொண்டை கிழியக் கத்தும் அந்த மனிதர் இதில் உச்சக் குரலுக்குப் பெயர்பெற்ற பாடகர் ராய் ஆர்பிசனை நினைவூட்டும் அளவுக்குக் குரலை உயர்த்தி நீட்டுவது கேட்கத் தக்கது. ஆனால் போவது யார், ஏன் என்பதற்கு ஒரு விவரமும் இல்லாததால் பல்லவி பெரிதாகப் பெரிதாகப் பாட்டு காலியாகிறது. ‘சன்டவுன்’ கேட்க இனியது, மறக்கவும் எளியது. இதற்கு மாறாக, இரண்டு நிமிடம்கூட நிறையாத ‘சம்வேர் நார்த் ஆஃப் நாஷ்வில்’ கிட்டத்தட்ட வெறும் கிட்டாரோடு, பாட்டுக்காகக் காதலைக் கைவிட்டு இரண்டையும் இழந்த ஒருவனை நறுக்கென்று காட்டிவிட்டுப் போகிறது. இத்தகைய சுருக்கம் இன்னும் இரண்டு இடங்களில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதல் சரணம் மெதுவாக, இரண்டாவதில் வயலின், மூன்றாவதில் பெருக்கு என்ற வடிவம் திரும்பத் திரும்ப வரும்போது, எங்கே மடை திறக்கும் என்பது காதுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

‘ஸ்லீப்பி ஜோஸ் கஃபே’ பற்றி விமரிசகர்களுக்குள் ஒற்றுமை இல்லை. துள்ளலான தாளமும் கொண்டாட்டமுமாக இது நடுவில் வந்து நிற்பது, துக்க வீட்டில் யாரோ வானொலியைத் திருப்பிவிட்டதைப் போன்றது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். பிறகு கதையைக் கவனித்தேன். ராணுவத்தில் சமையல்காரராக இருந்த ஜோ 1945இல் வீடு திரும்பி, போர்வீரர்களுக்கான அரசுக் கடன் பெற்று, சான் பெர்னார்டினோவுக்கு அப்பால் ஓர் உணவகம் திறக்கிறார். மேயைத் திருமணம் செய்துகொள்கிறார். நெடுஞ்சாலை அந்த வழியாக வருகிறது, கடை கொழிக்கிறது. இந்த மனிதர்கள் அனைவரிலும் நெடுஞ்சாலையால் உயர்ந்த ஒரே ஆள் இவர். பாட்டு இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் எட்டுப் பாடல்களுக்குப் பின்னால் வரும் மோட்டலை நினைக்கும்போது இது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன்.

அதே 2019இன் இலையுதிர் காலத்தில், இயக்குநர் டாம் சிம்னியோடு சேர்ந்து தாமே இயக்கிய படம் ஒன்றையும் இதே பெயரில் அவர் வெளியிட்டார். தம் வீட்டு வளாகத்தில் இருக்கும் நூறாண்டுப் பழமையான களஞ்சியத்தில், ஒரு சிறிய கூட்டத்தின் முன், முழு இசைக்குழுவோடு எல்லாப் பாடல்களையும் பாடியிருக்கிறார். கிளென் கேம்ப்பெல் புகழ்பெறச் செய்த ‘ரைன்ஸ்டோன் கௌபாய்’ கூடுதலாக வருகிறது. அறையில் மூச்சுவிடும் வயலின்கள் ஸ்டுடியோப் பதிவின் மெருகைவிட எனக்கு உவப்பாக இருந்தன. ‘ஸ்டோன்ஸ்’ கூட அங்கே பேட்டியின் குரல் பக்கத்தில் நின்றதால் கணவன் மனைவி இருவருடைய பாட்டாகிவிட்டது. ஆனால் பாடல்களுக்கு இடையே தனிமனித விடுதலைக்கும் சமூக வாழ்வுக்கும் இடையிலான இழுபறி பற்றி அவரே பாலைவனக் காட்சிகளின் மேல் விளக்கம் சொல்வது தேவையற்றது. பாடல்கள் சொன்னதற்குப் பொழிப்புரை எதற்கு? புதிதாகக் கேட்பவர்கள் தொகுப்பை முதலில் கேட்டுவிட்டுப் படத்துக்குப் போவதே முறை. தொகுப்பையும் இரவில், ஹெட்போனில், இடையில் நிறுத்தாமல் கேட்பது நல்லது. வேலைக்கு நடுவே பின்னணியில் ஓடவிட்டால் பாகு மட்டும்தான் காதில் விழும்.

கடைசி இரு பாடல்கள் இணைந்தே நிற்கின்றன. ‘ஹலோ சன்ஷைன்’ பிரஷ் கொண்டு வருடும் டிரம்ஸோடும் பெடல் ஸ்டீலோடும் மிதமாக நடக்கிறது. ஹாரி நில்சன் பாடிப் புகழடைந்த ‘எவ்ரிபடிஸ் டாக்கிங்’ பாட்டின் சாயல் அதில் இருப்பதைப் பலரும் சுட்டிக்காட்டினார்கள், அதை மறுப்பதற்கில்லை. வெற்றுச் சாலைகளையும் தனிமையையும் காதலித்தவன் ஒருவன், அந்தக் காதல் தன்னை எங்கே கொண்டுவந்து சேர்த்தது என்பதை உணர்ந்து, வெயிலிடம் போகாதே என்று கேட்டுக்கொள்கிறான். அவரது மற்ற தொகுப்புகளில் சாலை பெரும்பாலும் தப்பிப்பதற்கான வழி. அந்த வழியின் மேல் சந்தேகம் இவ்வளவு அமைதியாக அவர் வாயிலிருந்து வருவது அரிது.

பிறகு ‘மூன்லைட் மோட்டல்’. மோட்டல் என்ற சொல்லைத் தாங்கிய முதல் விடுதி 1925இல் கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு உருவான ரூட் 66 போன்ற சாலைகளின் ஓரமாக அவை பெருகின. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்த மாநிலங்களுக்கு இடையிலான பெருஞ்சாலைகள் பழைய வழிகளைத் தாண்டிச் சென்றபோது அவற்றில் பல வெறிச்சோடின. 1985இல் ரூட் 66 அதிகாரபூர்வமாகவே நீக்கப்பட்டது. ஜோவின் கடையை வாழவைத்தது எதுவோ, அதன் அடுத்த அலை இத்தகைய விடுதிகளைக் கொன்றது. பாட்டு இந்த வரலாற்றில் ஒரு சொல்லையும் சொல்வதில்லை. யாரும் போகாத ஒரு வெற்றுச் சாலை. எட்டடி ஆழ நீச்சல் குளத்தில் தண்ணீர் இல்லை, வெடித்த சிமெண்டில் டேன்டலியன் பூத்திருக்கிறது. துருப்பிடித்துப் பாதி விழுந்த வேலி. குழந்தைகளே கவனமாக விளையாடுங்கள் என்று இன்னும் எச்சரிக்கும் ஒரு பலகை. இவ்வளவு நேரம் பெருகிக்கொண்டிருந்த வயலின்கள் இங்கே எப்போதாவது தலைகாட்டுவதோடு சரி. விரலால் மீட்டும் கிட்டாரும், தாழ்ந்து பேச்சுக்கு அருகில் வந்துவிட்ட குரலும்தான் மிஞ்சுகின்றன. முன்பு அவளோடு வந்து தங்கிய இடத்தைத் தேடி அவன் திரும்பி வந்திருக்கிறான். உள்ளே போக வழி இல்லாததால் வண்டி நிறுத்துமிடத்திலேயே காகிதப் பையிலிருந்து புட்டியை எடுக்கிறான்.